எந்நாளைய மதிப்பு?

கணவனும் மனைவியும் பிரியும்பொழுது நகையையும் பாத்திரத்தையும் பங்கிடுவது எளிது. இருவரும் சேர்ந்து நடத்திய கடையைப் பங்கிடுவதுதான் கடினம். அதன் மதிப்பு மாதத்திற்கு மாதம் மாறும். எந்நாளைய மதிப்பைக் கொள்வது என்பதிலேயே பங்குத்தொகை அடங்கியிருக்கிறது.

நம் களமசேரியையே நோக்குவோம். 2017 ஜூனில் ஆலுவாவிலிருந்து இவ்வழியே மெட்ரோ ஓடத் தொடங்கிற்று. 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் இப்பகுதியில் புகுந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இங்கே ஒரு தமிழ்த் தம்பதியர் தோசைமாவுக் கடை நடத்தியதாக வைத்துக்கொள்வோம். 2018 ஜூலையில் பத்து லட்சம் பெறத்தக்க அக்கடை, அரைவை இயந்திரங்கள் நீரில் மூழ்கிய பின் நான்கு லட்சமும் பெறாது. வெள்ளத்திற்கு முந்திய நாளைக் கொண்டால் ஒருவருக்கு ஆதாயம். பிந்திய நாளைக் கொண்டால் மற்றவருக்கு.

பிற நாட்டு நீதிமன்றங்கள் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றன. வழக்குத் தொடுத்த நாளுக்கும் விசாரணை நாளுக்கும் இடையே ஒரு நாளைத் தெரிந்துகொள்ள நியூயார்க் சட்டம் இடந்தருகிறது. ஒருவர் உழைப்பால் வளரும் தொழிலுக்குப் பெரும்பாலும் முன்னதையும், சந்தைப் போக்கால் ஏறியிறங்கும் சொத்துக்குப் பின்னதையும் அங்கே கொள்கின்றனர். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரிலோ, மதிப்பிடுவதற்குப் பொதுவாகப் பங்கீட்டு விசாரணை நாளையே கொள்கின்றனர். எனக்கு நியூயார்க் முறையே நியாயமாகப் படுகிறது. பிரிந்த பின் ஒருவர் இராப்பகலாக உழைத்துப் பெருக்கியதில் மற்றவர் எவ்வாறு பங்கு கேட்பது? மெட்ரோ வந்து மனைவிலை ஏறினால் அது யாருடைய உழைப்புமன்று. அதில் இருவருக்கும் பாத்தியதை உண்டு.

நம் நாட்டு நிலை வேறு. 1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் கணவனின் தொழிலில் மனைவிக்குப் பாதி என்று கூறவில்லை. ஜீவனாம்சம் கேட்க 25 ஆம் பிரிவு உண்டு. அதற்குக் கணவனின் வருமானமும் சொத்தும் கருதப்படும். ஆனால் ஜீவனாம்சம் வேறு, பங்கு வேறு. கடை கணவன் பெயரில் மட்டும் இருப்பின், நாலு மணிக்கு எழுந்து மாவரைத்தவளுக்குப் பெரும்பாலும் எந்தத் தேதியாலும் பயனில்லை.

அவள் பெயரும் கூட்டாளியாகப் பத்திரத்தில் இருந்தால் நிலை மாறுகிறது. 1932 ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையேல் இலாபம் சமபங்கு. காலவரையறையற்ற கூட்டை எழுத்துமூல அறிவிப்பால் கலைக்கலாம். அறிவிப்பில் கண்ட நாளில் அது கலையும். நாள் குறிக்காவிடில், அறிவிப்புச் சேர்ந்த நாளில். ஆகவே தபால் ஒப்புகைச் சீட்டை எறிந்துவிடலாகாது! கணக்குத் தீர்க்காமல் ஒருவரே தொழிலைத் தொடர்ந்தால், விலகியவர் தம் பங்கின் உபயோகத்தால் விளைந்த இலாபத்தையோ நூற்றுக்கு ஆறு வட்டியையோ, தாம் விரும்பியபடி கோரலாம் என்கிறது 37 ஆம் பிரிவு.

பிரிய நேர்ந்தால் எந்நாளைய கணக்கு என்று பத்திரத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம். நம் வீடுகளில் அதை அபசகுனம் என்பார்கள். அது கூடாதெனில், மார்ச் 31 இல் முடிக்கும் ஆண்டுக் கணக்கில் இருவரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை மனைவியின் பெட்டியில் வைக்கட்டும். பின்னாளில் மதிப்பிட வரும் ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.