சீகிரியாப் படியில் ஒரு வழக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து சீகிரியாவுக்குச் செல்வோர் கண்டி வீதி வழியே தெற்கு நோக்கி வந்து, தம்புள்ளைப் பக்கம் பிரிந்து, இனாமலுவைச் சந்தியூடாகக் குன்றின் அடியை அடைவர். எளிய வழிதான். ஆயினும் ஒரு தலைமுறைக்கு அது எளிதாய் இருக்கவில்லை. போர்க்காலத்தில் அடைபட்டு, 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்த வீதி இது. இன்று பதினாறு வயதுப் பிள்ளைகள் இவ்வீதியில் பாட்டுப் பாடிக்கொண்டு வருகின்றனர். அவர்களுக்கு அது தாய் தந்தையர் சொல்லக் கேட்ட கதை.

அத்தகைய ஒரு மாணவர் கூட்டத்துடன் நாமும் சென்றிருந்தோம். அனைவரும் ஒரே தனியார் வகுப்பில் படிப்பவர்கள். ஆனால் வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள். மாதமோ பங்குனி. இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்க்கும் யாழ்ப்பாணத்து வாசகர், பஸ்வண்டிக்குள் என்ன வழக்கு நடந்திருக்கும் என்பதை நொடியில் ஊகித்துவிடுவர். ஏனையோருக்குச் சற்றுப் பொறுத்துச் சொல்வோம்.

சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாய் எழுந்து நிற்கிறது சீகிரியாக் குன்று. தந்தை தாதுசேனனைக் கொன்று அரசெய்திய காசியப்பன், தம்பி முகலனுக்கு அஞ்சி 477 முதல் 495 வரை இங்கே கோட்டை கட்டி வாழ்ந்த வரலாற்றைப் பாடநூல்கள் யாவும் கூறும். குகையிலுள்ள ஓவிய மகளிரையும் அறியாதார் இலர். எம்மை அதிகம் நிறுத்திவைத்தது ஓவியமன்று. அதன் கீழே பாதையை ஒட்டி நீளும் கண்ணாடிச் சுவர். பழங்காலத்தில் குன்றைக் காண வந்தவர்கள் தம் பெயரையும் ஊரையும், மனத்தில் எழுந்த செய்யுளையும் அதன் மழமழப்பான சாந்தில் கீறிச் சென்றனர். துறவியர் எழுதினர், பெண்கள் எழுதினர், அரச சேவகரும் எழுதினர். பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 சிங்களப் பாடல்களைப் படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார். காசியப்பனின் அரண்மனையில் இன்று அத்திவாரமே எஞ்சியிருக்கிறது. வழிப்போக்கரின் பெயர்களோ அழியாமல் நிற்கின்றன.

அதற்கும் மேலே சிங்கபாதம். செங்கல்லால் ஆன பெருஞ்சிங்கத்தின் வாய்க்குள் புகுந்து செல்வதாய் ஒருகாலத்தில் படிக்கட்டு இருந்தது. சிங்கத்தின் உடல் இடிந்து வீழ்ந்துவிட்டது. இரு பாதங்கள் மட்டும் மிஞ்சின. பழைய படி பொருந்தியிருந்த வெட்டுகள் பாறையிற் தெரிகின்றன. இக்காலத்தவர் இரும்புப் படியால் ஏறுகின்றனர்.

அவ்விடத்தில் இளைப்பாற அமர்ந்தபோதுதான் வழக்கு மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே ஆண்டுதோறும் நடைபெறும் கிரிக்கெட் ஆட்டத்தை ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்பார்கள். 1904இல் தொடங்கியது. முன்னது 1816இல் மெதடிஸ்த மிசனரிமார் நிறுவிய பாடசாலையின் வழிவந்தது. பின்னது 1823இல் அங்கிலிக்கன் மிசனரிமார் தொடக்கியது. கோட்டைக்கு அண்மையிலுள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் மூன்று நாட்கள் ஆட்டம் நிகழும். இலண்டனிலும் தொரந்தோவிலும் வாழும் பழைய மாணவர்கள் அதற்கென்றே விமானம் ஏறி வருவர். தலை நரைத்த வைத்தியரும் பொறியியலாளரும் மேளத்துக்கு ஆடும் ஆட்டத்தை அவர்தம் பேரப்பிள்ளைகள் பார்த்தால் மரியாதை குறையக்கூடும்!

அதே கோட்டையைச் சுற்றித்தான் 1990இல் முற்றுகைப் போர் நடந்தது. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். சில ஆண்டுகள் ஆட்டம் தவறியது. ஆனால் முற்றாக அற்றுப்போகவில்லை. பந்துக்கும் மட்டைக்கும் தட்டுப்பாடான காலத்திலும் ஆடினார்கள்; எவர் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதை ஊரே மனப்பாடமாய் வைத்திருந்தது.

இரு கட்சியாரும் தத்தம் வீரரின் பெருமையை அடுக்கிக்கொண்டிருக்கையில், அதுவரை வாய் திறவாத ஒரு பையன் எம்மைப் பார்த்து, “இவ்வளவு ஆக்கள் ஆடியும், எங்கட ஆக்கள் ஏன் சேர் இலங்கை அணியிலை இல்லை?” என்றான். வழக்கு அடங்கிவிட்டது.

தமிழர் என்பதால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணியின் தலைவர் மகாதேவன் சதாசிவம். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட் வீழ்த்திய முத்தையா முரளிதரன் கண்டிச் சீமையர். ஆயின் முன்னவர் பயின்றது கொழும்பு வெஸ்லிக் கல்லூரி. பின்னவர் பயின்றது கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி. தேர்வாளரின் கண்படும் இடத்தில் இருவரும் இருந்தனர். வடக்குப் பிள்ளைக்கு அந்த இடம் தொலைவு. ஆடுகளமும் வேறு. யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆட்டங்கள் நெடுங்காலம் பாய் விரித்த களத்திலேயே நடந்தன. பாயில் பந்து உயர்ந்து, ஏறக்குறைய ஒரே சீராய் எழும். புல்தரையிலோ தாழும், நாளுக்கு நாள் குணம் மாறும். பாயிற் சதம் அடித்தவன் புல்தரையில் முதல் பத்து நிமிடம் தடுமாறுவான். அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தே பலரின் தலைவிதி எழுதப்பட்டிருக்கும்.

அமெரிக்காவிலும் இதையொத்த ஒரு கதை உண்டு என்று அப்பிள்ளைகளுக்குச் சொன்னோம். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கறுப்பின மாணவர்க்கென ஒரு கல்லூரி இருந்தது. அதன் கூடைப்பந்து அணியைப் பயிற்றியவர் ஜோன் மக்லெண்டன். கூடைப்பந்தை உருவாக்கிய நெயிஸ்மித்திடமே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டவர். எனினும் நிறத்தின் காரணமாய் அப்பல்கலைக்கழக அணியில் அவர் ஆட முடியவில்லை. வெள்ளையர் அணியுடன் ஆடுவதற்கு அவருடைய மாணவர்க்கும் இடமில்லை. 1944 மார்ச் 12, ஞாயிறு காலை, ஊரார் தேவாலயத்தில் இருந்த வேளையில், டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளை மாணவர்கள் முகத்தை மறைத்துச் சுற்றுவழியாய் அக்கல்லூரிக்கு வந்தனர். கதவைப் பூட்டி ஆடினார்கள். 88க்கு 44 என்று கறுப்பின மாணவர் வென்றனர். பிறகு இரு அணியாரையும் கலந்து இன்னோர் ஆட்டமும் ஆடினராம்! செய்தி அறிந்த பத்திரிகையாளரும் எழுதவில்லை. 1996இல்தான் உலகம் பரவலாய் அறிந்தது. பின்னர் மக்லெண்டன் தென்னசியில் பயிற்றிய இன்னொரு கறுப்பினக் கல்லூரி 1957, 1958, 1959 என மூன்றாண்டு தொடர்ந்து தேசியக் கிண்ணம் வென்றது. டர்ஹாம் கல்லூரியின் இன்றைய பெயர் வட கரோலினா மத்திய பல்கலைக்கழகம். ‘மத்திய’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கட்சியார் கைதட்டியதைச் சொல்லாமல் விடலாகாது.

இரு கதையும் ஒன்றல்ல. அங்கே கதவை அடைத்தது சட்டமும் நிறவெறியும்; இங்கே தொலைவும் போரும். யாழ்ப்பாணத்தாரும் கதவடைத்தவரே. 1920களின் இறுதியில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாய் அமரவேண்டும் என்று விதி வந்தபோது எதிர்த்து நின்றவர்கள் எம்மூரவர்கள்தாம். இதையும் அப்பிள்ளைகளிடம் மறைக்கவில்லை.

உச்சியைக் கண்டு இறங்கியதும் தம்புள்ளை விளையாட்டரங்கைப் பார்த்தே தீரவேண்டும் என்றனர். சீகிரியாவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர்; திரும்பும் வழிக்குப் புறம்பானது. கொழும்பில் மழை பெய்யும் மாதங்களிலும் ஆடலாம் என்று இவ்வுலர்வலயத்தில், குளக்கரையில், விகாரைக்குரிய நிலத்தில் கட்டினர். முதல் சர்வதேச ஆட்டம் 2001 மார்ச்சில் இங்கிலாந்துடன். அந்நாளில் யாழ்ப்பாண வீதி மூடிக் கிடந்தது.

மத்திய கல்லூரியில் படித்த சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடினார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைச் சட்டை அணிந்தார். மண்டைதீவில் சர்வதேச மைதானம் அமைக்கும் பணி 2025 செப்டெம்பரில் தொடக்கி வைக்கப்பட்டது. நல்ல செய்திகள்தாம். ஆயினும் யாழ்ப்பாணப் பெயர் தாங்கிய அந்த அணியில் ஆடியோரிற் பெரும்பாலோர் வெளியூரார் என்பதைப் பிள்ளைகளே எமக்குச் சுட்டிக்காட்டினர்.

அன்று ஆட்டம் இல்லாததால் அரங்கின் வாயில் பூட்டியிருந்தது. கம்பிக்கிடையே முகத்தை வைத்துப் பச்சைத் தரையைப் பார்த்தனர். கேள்வி கேட்ட பையன் மட்டும் விலகி வந்து, வீதியோரத்து மண்ணில் தன் பந்துவீச்சு ஓட்டத்தை அடியால் அளந்தான். ஒன்பது அடி. திரும்பி ஓடிவந்து, இல்லாத பந்தை வீசினான். சாரதி ஒலி எழுப்பினார். இருட்டுமுன் வவுனியாவைக் கடக்கவேண்டியிருந்தது.