சிங்க்கில் கொட்டியது

ஆம்பூரில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவன் நான். அனிலினில் அமிலமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் ஊற்றிக் கறுக்க வைப்பேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். மிச்சம் சிங்க்கில். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த கதை தெரிந்தும்தான்!

நேற்று பழைய மாணவன் வந்தான். அப்பா டேனரித் தொழிலாளி. இவன் இப்போது ஆராய்ச்சி மாணவன். பென்சைலமீனில் டைட்டானியம் டையாக்சைடு போட்டு, ஒளி காட்டி, ஆக்சிஜன் விட்டால் இமீன் கிடைக்கிறதாம். வெள்ளைப் பெயின்டில் இருக்கிற அதே பொடி! ஒளி பட்டதும் அமீனிடம் எலெக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. வடிகட்டி மறுபடியும் போடலாம். அவன் செய்வது குப்பியில் சில கிராம்தான்.

"குரோமியமே வேண்டாமாடா?"

"வேண்டாம் சார். நம்ம லேப் சிங்க் தண்ணி எங்க சார் போச்சு?"

பாலாற்றுப் பக்கம் கையைக் காட்டினேன்.