கடலிற் குதியாத கன்னி

திருகோணமலைக்குப் போய் மீண்டவர்களிடம், "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் சொன்ன கையோடு, "வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி கடலிற் குதித்த இடம்" என்று மூன்றாவதாக ஒன்றையும் தவறாமற் சொல்வர். நாமும் அவ்வாறே சொல்லி வந்தவர்கள்தாம். சென்ற ஆடி மாதத்தில் எமது பெரியம்மாவின் இல்லத்தில் நான்கு நாள் தங்கியிருந்தபோதுதான், அக்கதையைச் சற்றுத் துருவிப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் எமக்கு உண்டாயிற்று.

ஆடியிற் கீழைக் கடல் பசுப்போலச் சாதுவாயிருக்கும். வெயில் ஏறுமுன் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு பிரெடரிக் கோட்டை வாயிலுட் புகுந்தோம். புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு மருளாமல் வழியருகே படுத்துக் கிடந்தன. பெரியம்மா வாழைப்பழத் தோலை நீட்ட, ஒரு மான் உறவினர் வீட்டுப் பிள்ளைபோல வந்து வாங்கிச் சென்றது. மலைப்பாதையில் ஏற ஏற, ஒருபுறம் பின்குடாவும் மறுபுறம் ஒல்லாந்தர் குடாவும் விரிகின்றன. நகரத்துக்கு அப்பால் உட்துறைமுகம், குன்றுகள் காவல் நிற்க, ஏரிபோல அசைவற்றுக் கிடக்கின்றது. இத்துறைமுகத்தின் ஆழத்துக்காகவே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் மாறி மாறி அடித்துக்கொண்டனர் என்பதைப் பாடப்புத்தகத்திற் படித்தவர்கள், ஒருமுறை இங்கே நின்று பார்த்தால் அதற்குமேல் விளக்கம் வேண்டார்.

மலையுச்சியிற் கோணேசரைத் தரிசித்தோம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். அக்கற்கள் கோட்டை மதிலுக்குப் போயின. இன்றுள்ள கோயிலுக்கு 1963ஆம் ஆண்டிற் குடமுழுக்கு நிகழ்ந்தது. அருகே இராவணன் வெட்டு. தாயின் வழிபாட்டுக்காக இம்மலையையே பெயர்த்தெடுக்க இராவணன் முயன்றான் என்பது ஐதிகம். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் மரக்கிளையிற் கட்டிய சின்னஞ்சிறு தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அவ்விடத்தே, சுற்றுலா வந்த மாணவியர் சிலருக்கு வழிகாட்டி ஒருவர் கதை சொல்லிக்கொண்டு நின்றார். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகள் பிரான்சினா வான் ரீட் என்பவள். இளம் படைத்தலைவன் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தாள். அவனோ சேவைக்காலம் முடிந்ததும் அவளைக் கைவிட்டுத் தாய்நாட்டுக்குக் கப்பலேறினான். கப்பல் இம்மலையடியைக் கடக்கையில், 300 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து அவள் பாய்ந்து மாண்டாள். அதனாலேயே 1687ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆந் திகதியிட்ட தூண் ஒன்று இங்கே நாட்டப்பட்டது. கதை முடிந்ததும் மாணவியர் விளிம்பை எட்டிப் பார்த்துப் பெருமூச்செறிந்தனர். நாமும் எறிந்தோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

பெரியம்மா மாத்திரம் எறியவில்லை. "தம்பி, அந்தப் பிள்ளை குதிச்சதை ஆர் கண்டது? ஒரு கப்பல் போச்சுது எண்டு செத்துப்போனவளின்ரை கதையைத்தானே இந்தப் பெட்டையளுக்குச் சொல்லுறியள்!" என்றார். வழிகாட்டி சிரித்து மழுப்பினார்.

பெரியம்மா அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை நிலாவெளிக்குப் போன எமது பெரியப்பா திரும்பி வரவில்லை. கடல் கொண்டுபோயிற்று. அந்தியேட்டி முடிந்ததும், வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் மகனோடு போய் இருக்கும்படி உறவினர் கூடித் தீர்மானித்தனர். ஒருவராவது அவரைக் கேட்டாரில்லை. அவரோ கைச்சங்கிலியை விற்று ஒரு தையல் இயந்திரம் வாங்கிவந்து முன்விறாந்தையில் வைத்தார். கடற்கோளிற் புத்தகமும் உடுப்பும் இழந்த பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சட்டை தைக்கத் தொடங்கினார். துக்கம் கழியாத வீட்டின் முன்விறாந்தையில் இயந்திரச் சத்தமா என்று பேசினவர்களும் உளர். அவர்களின் பிள்ளைகளுக்கும் சட்டை தைத்துக் கொடுத்தார், கூலி குறைக்கவில்லை. இப்போது பின்னேரங்களில் அயற்பெண்கள் எண்மர் அவரிடம் தையல் பழகுகின்றனர். அவர்களுள் இருவர் போரிற் கணவரை இழந்தவர்கள்.

மறுநாள் நகரைச் சுற்றுகையில் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி வாயிலிற் சிறிது நின்றோம். இது 1923ஆம் ஆண்டில் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்னும் அம்மையார் பெண்குழந்தைகளுக்கென நிறுவிய பாடசாலை. இலங்கைப் பெண்கள் வாக்களிக்கப் பெற்றதே 1931இல்தான். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னே, பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்டோர் மலிந்திருந்த காலத்தில், ஒரு பெண்மணி முன்வந்து பாடசாலை திறப்பதென்றால் எத்தனை வாய்களை அடைக்க வேண்டியிருந்திருக்கும்! எனினும் மலைக்கு வருகிறவர்களுள் இவ்வாயிலைத் தேடி வருபவர் அரியர். வழிகாட்டிகளும் இங்கே வண்டியை நிறுத்துவதில்லை.

ஊருக்கு மீண்டதும் பழைய நூல்களைப் புரட்டினோம். மலையிலுள்ள தூண் இடிக்கப்பட்ட கோயிலின் தூண் என்றே கருதப்படுகின்றது. அதிற் பொறித்த ஒல்லாந்த வாசகம், பிரான்சினாவின் நினைவாக இன்ன நாளில் நிறுத்தப்பட்டது என்பதோடு அமைகின்றது. காதலனும் இல்லை, கப்பலும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. வாசகத்தில் வரும் மைட்றெக்ற் என்னும் பெயர், அவ்வூர்ப் பிரபுவான ஹென்றிக் வான் ரீட் என்பவரை நினைவூட்டுகின்றது. மலையாள நாட்டுச் செடிகொடிகளை 12 பாகங்களாகத் தொகுப்பித்து, 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என 1678 முதல் 1693 வரை வெளிவரச் செய்தவர் அவரே. கம்பனியின் ஆணையாளராக இலங்கைக்கும் வந்த அவர், 1691இல் சூரத்துக்குப் போகும் வழியிற் கடலில் உயிர்நீத்தார்.

பிரான்சினாவோ? ஒல்லாந்தரின் பழம் பதிவேடுகளின்படி, தூணிலுள்ள நாளுக்கு எட்டு ஆண்டுகள் பின்னர் அவள் உயிரோடிருந்து மணஞ் செய்துகொண்டாள்! மணப்பதிவில் அவள் பெயர் எழுதப்பட்ட பிறகும், முந்நூறு ஆண்டுகளாக நாம் அவளை நாள்தோறும் கடலிற் தள்ளி வருகின்றோம். மணந்த பெண்ணைவிட மாண்ட பெண் கதைக்கு அழகாயிருக்கின்றாள் போலும்.

இச்செய்தியைப் பெரியம்மாவுக்குத் தொலைபேசியிற் சொன்னோம். மறுமுனையிற் சிறிது நேரம் தையல் இயந்திரத்தின் சத்தம் மாத்திரமே கேட்டது.

"நான் நினைச்சனான்," என்றார். பிறகு, "அந்த எட்டு வருஷமும் அவள் என்ன செய்தவளாம்?" என்று கேட்டார்.

நாம் விடை தேடித் தயங்குகையில், "சரி தம்பி, பிள்ளையள் வந்திட்டுதுகள். வைக்கிறன்," என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.