பதினாறாம் கட்டை சுடுதண்ணி

ஆயாவுக்கு முட்டிவலி கூடினால் வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். கூடினால்தானே ஞாயிற்றுக்கிழமை உலு லங்காட் பக்கம் டூசுன் துவாவுக்குப் போவோம்! அந்தப் பெயரை எங்கள் காஜாங் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ‘பதினாறாம் கட்டை சுடுதண்ணி’தான். மைல்கல்லை வைத்து மலாய்க்காரர்கள் ‘பத்து 16’ என்பார்கள், நமக்கு அது கட்டை.

முதல்நாள் ராத்திரியே அம்மா புளிச்சோறு கிளறிவிடுவார். விடிந்ததும் சார்டின் சம்பல், பிளாஸ்க்கில் தேத்தண்ணி எல்லாம், கோடாலித் தைலம் மணக்கும் ஆயாவின் பழைய கைலி ஏற்கனவே இருக்கும் பிரம்புக்கூடைக்குள் போக, வழியில் ஒன்பதாம் கட்டை, பதினாலாம் கட்டை என்று நான் எண்ணிக்கொண்டே வர, டுரியான் காலமாக இருந்தால் அந்த வாடையும் சன்னல் வழியே ஏறிக்கொள்ளும். காஜாங் பாலத்துக்கடியில் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் போகிற லங்காட் ஆறு, இங்கே கூழாங்கல் தெரிய ஓடும். நுவாங் மலையில் பிறந்து வருகிறது என்பார் அப்பா. நம்ம ஊர் ஆறுதான் இது என்று நான் நம்ப ரொம்ப நாளாயிற்று.

ஆற்றோரத்தில்தான் ஊற்று. ஆவி பறக்கும் தண்ணீரில் ஒரு மலாய்ப் பாட்டி, ஒரு சீனப் பாட்டி, நடுவில் ஆயா. “சாக்கிட்”, வலிக்கிறது என்று தன் முட்டியைத் தொட்டுக் காட்டுவாள். அவர்களும் தங்கள் முட்டியைக் காட்டுவார்கள். பேச்சு அவ்வளவே, சிரிப்பு மட்டும் நீளும். வெள்ளைக்காரன் காலத்திலேயே துரைமார் உடம்பு தேற்ற வந்த இடம் என்று யாரோ சொல்லிவிட, “தொரையே வந்து காலை நனைச்சிருக்கான்!” என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். அந்தத் துரைமாரின் ரப்பர் மரங்களுக்காக மேடும் பள்ளமும் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டிதான் அது.

ஒருமுறை அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு கோழிமுட்டையைக் கைக்குட்டையில் முடிந்து ஊற்றில் இறக்கினேன். வெந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கொரு தரம் தூக்கிப் பார்த்து, கடைசியில் பொறுமை போய் உடைத்தேன். மஞ்சள்கரு புதுச்சட்டையில் வழிந்தது. அம்மா கையை ஓங்க, ஆயா சிரித்துச் சிரித்துத் தண்ணீருக்குள் சரிந்தாள். “அவசரப்பட்டா முட்டையும் வேகாது, முட்டியும் ஆறாதுடா!”

திரும்பும்போது காஜாங்கில் சாத்தே வாங்குவோம். கடலைக்குழம்பில் நசி இம்பிட் சோற்றுக்கட்டியைத் தோய்த்துத் தின்றபடி, இப்போது வலி பரவாயில்லை என்பாள் ஆயா.

அவள் முட்டி கடைசிவரை ஆறவில்லை. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலமானால் கைலியை மடித்துக் கூடைக்குள் வைத்துவிடுவாள்.