டயருக்கு எவ்வளவு காற்று?

நாமக்கல் வட்டாரத்து மக்களுக்குச் சக்கரத்தைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்குப் பாடி கட்டுவதில் பெயர் பெற்ற பகுதி இது. கட்டையால் டயரைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே காற்றை மதிப்பிடும் ஓட்டுநர்கள் இங்கு உண்டு. ஆனால் காருக்கு அம்முறை போதாது. ரேடியல் டயரில் காற்று சரியாக இருக்கும்போதும் அடிப்பகுதி சற்றுப் பிதுங்கியே தோன்றும்; கண்ணும் செவியும் ஏமாறும்.

அன்பர் ஒருவர் தாம் ஓட்டிவந்த காரைப் பங்குப் பணிக்கென நமக்கு அளித்தார். தொழிற்சாலையில் பூட்டிய டயர்களை நீக்கி, அகலமான டயர்களை அவர் மாட்டியிருந்தார். ஜேடர்பாளையம் அணைக்கட்டை அடுத்த காவிரிக்கரைச் சிற்றூர்களிலிருந்து நோயாளிகளையும், மறைக்கல்வி பயிலும் சிறுவர்களையும் ஏற்றிச் செல்லும் வண்டி அது. காற்று எவ்வளவு என்று வினவியபோது பெட்ரோல் பங்க்கில் 28 பவுண்டு என்றனர். பங்க்சர் கடையிலோ டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டி 44 என்றனர். எதை ஏற்பது?

பக்கவாட்டில் உள்ள எண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச வரம்பே அன்றி, நாம் நிரப்ப வேண்டிய அளவு அன்று. நிரப்ப வேண்டிய அளவு ஓட்டுநர் கதவருகே உள்ள தூணில் ஒட்டப்பட்டிருக்கும். வண்டியின் எடையைக் கணித்து அதைச் செய்தவர்களே எழுதிய அளவு அது. நம் வண்டியில் 165/80 ஆர் 14 டயருக்கு 33 பவுண்டு என்றிருந்தது.

டயர் மாறினால் என் செய்வது? அளவை அடுத்துள்ள பளு எண்ணைப் பார்த்தல் வேண்டும். பழைய டயரின் எண் 85. அது 515 கிலோ தாங்கும். இப்போதுள்ள 185/70 ஆர் 14 டயரின் எண் 88. அது 560 கிலோ தாங்கும். ஆகவே அதே 33 பவுண்டில் நம் வண்டியின் பளுவைத் தாராளமாய்த் தாங்கும். கூடுதல் வலிமை இருக்கிறதே என்று காற்றைக் குறைப்பது முறையன்று. பளு எண் குறைந்த டயராயின் காற்றைக் கூட்ட வேண்டியிருக்கும்; அத்தகைய டயரைப் பூட்டாதிருப்பதே நன்று.

காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். முடிவில் அடுக்குகள் பிரியும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. ஏறக்குறைய 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. ஃபோர்டு பரிந்துரைத்திருந்த 26 பவுண்டு போதுமா என்பதும் அப்போது பெரும் விவாதமாயிற்று. காற்று மிகுந்தாலோ, தரையைத் தொடும் பரப்புச் சுருங்கி, மழையில் பிடிப்புக் குறையும். பள்ளத்தில் விழுந்தால் டயர் எளிதில் அடிபடும்.

அளப்பதற்கும் நேரம் உண்டு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பின், வெயில் ஏறுமுன் அளத்தல் வேண்டும். வெப்பம் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஒரு பவுண்டு கூடும். நம் சித்திரை வெயிலில் ஓடி வந்த வண்டியில் 37, 38 என்று காட்டுவது இயல்பே. அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைவாய் நிற்கும்.

இறுதிச் சான்று டயரே தரும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்தால் குறைவு. நாம் சிறு கேஜ் ஒன்று வாங்கி, பதினைந்து நாளுக்கொருமுறை ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் அளந்து வருகிறோம். ஆறு மாதம் ஓடிய பின்னும் தேய்மானம் எங்கும் ஒன்றுபோலவே உள்ளது.

உங்கள் இல்லத்திலும் மாற்று டயர் பூட்டிய வண்டி இருக்கலாம். நாளைக் காலை புறப்படுமுன் கதவுத் தூணையும் டயரின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். பின்னிருக்கையில் உறங்கிவரும் குழந்தைக்காக அதைச் செய்யலாகாதா?