240 மணி நேரம் முடிஞ்சாச்சு... அப்புறம்?

என்.எஸ்.எஸ்.ல இருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? அப்போ கணக்கு தெரிஞ்சிருக்கும். வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு 240. நடுவுல ஏழு நாள் கேம்ப். கடைசியில சர்டிஃபிகேட். அதுக்கப்புறம்?

தாமிரபரணிக் கரையில இருக்கிற சின்ன ஊர் ஸ்ரீவைகுண்டம். அங்கே குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் நூலகரா இருந்தவர் பாலம் கல்யாணசுந்தரம் ஐயா. 30 வருஷத்துக்கும் மேல, வாங்கின சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்தார். தன் செலவுக்கு ஓட்டலில் சர்வர் வேலைகூட பார்த்தார். ரிட்டையர் ஆன பிறகு 'பாலம்' அமைப்பை ஆரம்பிச்சார். பத்மஸ்ரீ வந்தது 2023-ல். கைதட்டலுக்குக் காத்திருந்தா, எப்பவோ நின்னு போயிருக்கும்!

சம்பளத்தை முழுசா கொடுக்க நம்மால முடியாது, வீட்லயும் விட மாட்டாங்க. ஆனா, விடாம செய்யறது முடியும்தானே? எங்க ஊர்ல, ஞாயிறு காலையில ரெண்டு மணி நேரம், வீட்டுத் திண்ணையில அஞ்சு பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றேன். கூட்டிப் பார்த்தா வருஷத்துக்கு 104 மணி நேரம். சர்டிஃபிகேட் கிடையாது. ஆனா, சின்ன ஊராச்சே... ஒரு வாரம் காய்ச்சல்னு உள்ளே படுத்திருந்தேன். அஞ்சு பேரும் நோட்டைத் தூக்கிட்டு கட்டில் பக்கத்துலயே வந்து நின்னுட்டாங்க!

மே மாசம் படிப்பு முடியுது. வேலை கிடைச்சா சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறணும். அப்போ இந்த அஞ்சு பேரு? அதான் பயம். ஜூனியர் ஒருத்தனை இப்பவே பக்கத்துல உட்கார வெச்சிருக்கேன். முதல் வாரம் கொட்டாவி விட்டான். இப்போ எனக்கு முன்னாடியே வந்துடறான்.

உங்க ஊர்லயும் ஒரு திண்ணை காலியா இருக்கும். லீவுக்குப் போறப்போ பாருங்களேன்.