வெல்லலாம், வரலாறு ஆக முடியாது

மெக்வாரியர் கணினி ஆட்டத்தில் எதிரியைவிட அதிகம் பயப்பட வேண்டியது சூட்டுக்கு. நூறு டன் எடையுள்ள அட்லஸ் ரோபோவுக்குள் உட்கார்ந்திருந்தாலும், ஆத்திரத்தில் லேசர், ஏவுகணை எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தினால் வெப்பமானி சரசரவென ஏறும். இயந்திரம் தானாக அணைந்துவிடும். எதிரி சுடச் சுட வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் ஆறோ குளமோ கண்ணில் பட்டால் நான் அதில் இறங்கிவிடுவேன். தண்ணீரில் நின்றால் சூடு சீக்கிரம் தணியும். பாலைவனக் கோள் என்றால் கிளம்பும் முன்பே ஒரு லேசரைக் கழற்றிவிட்டு, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் மாட்டிவிடுவேன்.

இந்தச் சூட்டுக் கணக்கு கணினிக்கு வருவதற்கு முன்பே இருந்தது. 1984இல் சிகாகோவின் ஃபாசா நிறுவனம் மேஜையில் பகடை உருட்டி ஆடும் ஆட்டமாகத்தான் இதை வெளியிட்டது. பிறகு விதிநூல்களும் நாவல்களும் பெருகி, 31ஆம் நூற்றாண்டுக்கு ஒரு முழு வரலாறே உண்டாகிவிட்டது: ஐந்து பெருங்குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாய் வாரிசுப் போர்கள், 2784இல் படையோடு வெளியேறிய தளபதி கெரென்ஸ்கி.

அந்த வரலாற்றுக்கு அச்சில் வந்ததே ஆதாரம். கணினி ஆட்டத்தில் நடப்பது பொதுவாகக் கணக்கில் வராது. 1995இல் வந்த மெக்வாரியர் 2இல், கெரென்ஸ்கியோடு போனவர்களின் வழிவந்த இரண்டு குலங்கள் மோதுகின்றன: ஓநாய்க் குலத்தின் பக்கமும் போரிடலாம், பச்சைப் பருந்துக் குலத்தின் பக்கமும் போரிடலாம். எந்தப் பக்கம் நின்றாலும் வெல்லலாம். நூல்களிலோ அந்த 3057ஆம் ஆண்டுப் போருக்கு ஒரே முடிவுதான்.

2019இல் வந்த மெக்வாரியர் 5: மெர்சினரிஸ் இந்த முரணை இன்னும் சாமர்த்தியமாகக் கையாள்கிறது. அதில் நாம் கூலிப்படைத் தலைவர். மூல ஆட்டத்தில் 3015இல் தொடங்கி 3049 வரை ஓடலாம். கெரென்ஸ்கியோடு போனவர்களின் வழித்தோன்றல்கள் மறு ஆண்டே பெரும்படையோடு திரும்பி வரப்போகிறார்கள் என்பது நாவல் படித்தவர்களுக்குத் தெரியும். நம் கவலையோ வேறு: வென்ற சண்டையில் கை இழந்த ரோபோவைச் சரிசெய்யும் செலவு, வாங்கிய கூலியில் கட்டுமா?

ஆட்டங்களை வரலாற்றுக்கு வெளியே நிறுத்தியதில் எனக்கு மனக்குறை இல்லை. என் வெற்றி வரலாற்றில் ஏறினால் எதிர்ப்பக்கம் ஆடியவரின் வெற்றியும் ஏற வேண்டும். எல்லோரும் ஜெயித்த போரை எந்த வரலாற்றாசிரியரும் எழுத முடியாது. அந்த வேலி இருப்பதால்தான் நூலுக்கு ஒரு முடிவும் எனக்கு என் முடிவும் வாய்க்கின்றன.